பழசே போதுங்களா, புதுசு எடுக்கலாமுங்களா?

கேம் கன்சோல் விற்கிற கடைக்கு யாரும் கன்சோல் வாங்க வருவதில்லை. "வாங்குங்க, ஒண்ணும் தப்பில்லை" என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கத்தான் வருகிறார்கள்.

அப்படிச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். காந்திபுரத்தில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டர் என்னுடையது. கையில் வைத்து ஆடும் கன்சோலைக் கம்பெனிக்காரன் சில வருடங்களுக்கு ஒருமுறை லேசாகத் திருத்தி அனுப்புவான். திரை கொஞ்சம் பெரிசு, பேட்டரி கொஞ்சம் கூட, பக்கவாட்டுக் கைப்பிடிகள் முன்பு தண்டவாளத்தில் சறுக்கின, இப்போது காந்தத்தில் ஒட்டும். உள்ளே ஓடுகிற ஆட்டமெல்லாம் அதேதான். ஆனாலும் அதுவரை பழசோடு நிம்மதியாக இருந்த மனுஷன் அன்றிலிருந்து தூங்கமாட்டான். நீங்களும் ஒரு போனோ மிக்ஸியோ வாங்கி, அட்டைப்பெட்டி வாசனை போவதற்குள் அடுத்த மாடல் வந்து வயிறெரிந்தவர்தானே? அப்படியானால் நாமெல்லாம் ஒரே சாதி.

இந்த முறை திருத்திய மாடல் வந்தபோது அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்துவிட்டது. அங்கே அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. என் மனைவி கோகிலா டயாலிசிஸ் கட்டிலில் முழு நேரமும் படுத்திருப்பாளா, பாதியில் எழுந்துவிடுவாளா என்பதுதான் கேள்வி.

மரியாதையாக ஒரு சாபம்

புது மாடல் செய்தி வந்த மறுநாள் ஷட்டர் ஏற்றும்போதே வாசலில் ஒருவர் நின்றிருந்தார். சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன மாதம்தான் என்னிடம் பழைய மாடலை வாங்கிப் போயிருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "யோவ்" என்று வருகிறவனைச் சமாளித்துவிடலாம். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பிக்கிறவரைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

அவர் "சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பித்தார். புதுசு வருவது உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியாது என்றேன். அது உண்மை, கம்பெனிக்காரன் எங்களுக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில்தான் சொல்வான். பழசைத் திருப்பி எடுக்க முதலாளி ஒப்பவில்லை. மனுஷன் கவுன்ட்டர் கண்ணாடி மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். கண்ணாடி அதிர்ந்தது. என்னோடு வேலை செய்கிற ரம்யா சத்தமில்லாமல் டிஸ்ப்ளே பீஸ்களை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தாள். இன்றைக்கு அடிதான் என்று நினைத்து நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கையை எடுத்தார். கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க. உங்க கடை நல்லா இருக்கோணுமுங்க. உங்க குடும்பம் நெம்ப நல்லா இருக்கோணுமுங்க. நான் வாரேனுங்க."

இரண்டாம் மணி நேரம்

அந்தக் குடும்பம் என்ற வார்த்தை அன்று முழுக்க என்னைக் குடைந்தது. கோகிலாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இடது கையில் ஊசியோடு மெஷினில் படுத்திருக்க வேண்டும். அந்தக் கை அசையக் கூடாது. ஆரம்பத்தில் அந்த நான்கு மணி நேரத்தை அவளால் தள்ளவே முடியவில்லை. அப்போதுதான் பழைய கன்சோல் ஒன்றைக் கட்டில் மேஜையில் நிறுத்தி, வலப்பக்கக் கைப்பிடியை மட்டும் கழற்றி அவள் வலது கையில் கொடுத்தேன். ஒரு கையால் ஆடும்படி பொத்தான்களை மாற்றி வைத்தேன். விவசாயம் பண்ணுகிற ஆட்டம் அது. தாராபுரம் பக்கம் காடு கழனியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தத் திரைத் தோட்டத்தில் ஆயிரம் குறை. வெண்டைக்கு இத்தனை தண்ணி யாரு ஊத்துவாங்க என்று மெஷின் சத்தத்துக்கு மேலே திட்டிக்கொண்டே ஊற்றுவாள். நான்கு மணி நேரம் ஓடிவிடும்.

இப்போது அதன் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை மாற்றினேன்; அதுவும் இரண்டு மணி நேரம்தான். ஒயரைச் சொருகி ஆடினால் சூடேறி அணைந்துவிடும். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு வரும் பழசுகளை ஊழியர்கள் எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். திரை இருண்டதும் கோகிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பாள். பாதியில் எழுந்தால் உடம்பில் தண்ணீர் தங்கும், நுரையீரலில் ஏறும் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஒருமுறை மூச்சுத் திணறி ஐசியூ வரைக்கும் போய் வந்தாயிற்று. அன்றைக்கும் நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே திரை அணைந்தது. என்னைக் கேட்டால் மறுப்பேன் என்று தெரியும். அதனால் என் பக்கம் திரும்பாமலே நர்ஸிடம் சொன்னாள்.

"சிஸ்டர், இன்னைக்கு இது போதுமுங்க. கழட்டி உடுங்க."

சீர்ச் சாமான்

காரமடையிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. அப்பா, அம்மா, தாத்தா, பத்து வயசுப் பெண். பழைய கன்சோலைக் கொடுத்துவிட்டுத் திருத்திய மாடல் எடுக்கலாமா என்று யோசனை. அப்பா தாத்தாவைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிங்க." தாத்தா மருமகளைப் பார்த்தார். "அம்மணி சொன்னாச் சரி." அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். ஆளுக்கு ஆள் மரியாதை கொடுத்துக் கொடுத்து அரைமணி நேரம் போயிற்று. எனக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, சிரித்த முகமாக டீ சொல்லிக் கொடுத்தேன்.

பில் போடப் போகும்போது அந்த அம்மாவுக்கு முகம் மாறியது. பாப்பாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வைத்த சீரோடு வந்த கன்சோலாம் அது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி மாற்றுவது? ஸ்பீக்கரில் போட்டு அப்பா பேசினார். பேட்டரி, திரை, காந்தம் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தோம். போகவில்லை. அதன் பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அதைக் கேட்டதும் நான்கு பேரும் பழைய கன்சோலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வேனுக்கு நடந்துவிட்டார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நாங்க வெச்ச சீரு உங்களுக்கு எங்கீங்க பத்தாமப் போச்சு?"

வீட்டில் விற்பனை

நாள் முழுக்க விற்கிற வாய்க்கு வீட்டில் ஒரு கன்சோல் விற்க வரவில்லை. கோகிலா உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடம்புக்கு அப்படித்தான் சாப்பிட வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து, புது மாடலில் பேட்டரி நான்கு மணி நேரத்துக்கு மேலேயே நிற்கும், கைப்பிடி டக்கென்று கழலும், உன் தோட்டத்தை அப்படியே அதற்கு மாற்றிவிடலாம் என்று கடையில் சொல்வது போலவே சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். மடையன்.

பிறகுதான் யோசித்தேன். தீபாவளிக்குச் சேலை வேண்டாம் என்றது, அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுவது, கண்ணாடி பவர் மாறியும் பழைய கண்ணாடியோடு இருப்பது, எல்லாம் இந்த ஆறேழு மாதமாகத்தான். சிக்கனம் என்று நினைத்திருந்தேன். அவள் சிக்கனக்காரியே இல்லை. கல்யாணமான புதிதில் வாசலில் போகிற வளையல்காரரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தவள். என்ன கண்ணு நினைக்கிறே என்று கேட்டேன். உருளைக்கிழங்குத் தண்ணீரை வடித்துவிட்டு, சண்டையே இல்லாத குரலில் சொன்னாள்.

"எனக்குன்னு இனிமே புதுசா எதும் வாங்காதீங்க."

கூப்பிடாதீங்க

மறுநாள் போத்தனூரிலிருந்து ரிட்டயரான ரயில் டிரைவர் ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டியவர், இப்போது கன்சோலில் ரயில் ஓட்டும் ஆட்டம்தான் ஆடுகிறார். ஏனுங்க, சலிக்கலீங்களா என்று கேட்டால் முறைப்பார். புது மாடல் வாங்கிவிட்டார். பழசில் இருக்கிற ஆட்டத்தையெல்லாம் புதுசுக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்புவது என் வேலை. நகல் எடுப்பது கிடையாது. இங்கே அழிந்து அங்கே போகும். நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்றைக்கு நடுவில் நின்றது. கரண்ட் போயிற்று, வைஃபை போயிற்று, இரண்டு திரையிலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெனரேட்டர் போட ஆள் ஓடினான். கடையில் ஃபேன் இல்லை, வெளிச்சம் இல்லை, பெரியவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. அதில் வீட்டுக்காரம்மாவும் அவரும் சேர்ந்து ஆடிய ஊட்டி மலை ரயில் இருக்கிறதாம்; அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டாராம். அதை அப்போதுதான் சொல்ல வேண்டுமா மனுஷன்? ஆஃப் பண்ணலாமா, காத்திருக்கலாமா என்று அவரையே கேட்டேன். அவர் எழுந்தார். கடை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப் பக்கம் ஜூஸ் கடை நிழலில் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். ஆனால் முன்பு எழுந்துபோய் வாசற்படி இறங்கும்போது அவர் சொல்லிவிட்டுப் போனது இது:

"வந்துருச்சுன்னா மட்டும் கூப்புடுங்க தம்பி. வர்லீன்னா கூப்புடாதீங்க."

முதலாளி

முதல் தவணையில் எங்களுக்கு வந்த புது மாடல் எல்லாம் போய், ஒன்றே ஒன்று மீதி இருந்தது. அதை என் பேரில் ஒதுக்கி, கவுன்ட்டருக்குக் கீழே துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அடுத்த தவணை எப்போது வரும் என்று கம்பெனிக்காரனுக்கே தெரியவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி மேனேஜர், மகளுக்குப் பிறந்தநாள் என்று தினமும் போன் பண்ணினார். கடைசியில் நேரிலேயே வந்து, ரம்யா துடைத்துக்கொண்டிருந்தபோது துணி விலகியதில் அட்டைப்பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டார். அப்புறம் சும்மா இருப்பாரா?

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். நல்லவர்தான். கோகிலா விஷயம் தெரிந்தவர். இருந்தாலும் வியாபாரி. வீட்டில் வேண்டாம் என்கிறார்களா, வேண்டும் என்கிறார்களா என்று கேட்டார். அந்த வாரம் கோகிலா மறுபடியும் பாதியில் எழுந்திருந்தாள். காலையில் அவள் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதையெல்லாம் முதலாளியிடம் சொன்னால் அழுதுவிடுவேன் என்று கூரையைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் இருந்த பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் சொன்னார்.

"சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் வெச்சிருக்கறேன். அதுக்கு மேல திருப்பூர்க்காரருக்குப் பில்லப் போட்டுருவேன். என்னையத் தப்பா நெனைக்காத."

நிபந்தனை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோகிலாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெட்டி ஒன்றுதான் இருக்கிறது, நாளைக்குப் போய்விடும், நீ பாதியில் எழுந்தால் எனக்கு உயிரே இல்லை என்று கத்தினேன். கத்தியது தப்பு. அவள் ரொம்ப நேரம் கோலமாவு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் படுப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, நான்கு மணி நேரம் படுத்து எழுந்தால் மறுநாளெல்லாம் துணி பிழிந்த மாதிரி இருக்கிறது, இப்படி எத்தனை நாளைக்கு என்றாள்.

எங்கள் ஜனங்கள் முடிவெடுக்க முடியாதபோது சாமியிடம் பூ கேட்போம். பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, தறி போடுவதா, எதுவானாலும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி, அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் இல்லை. ஒரு கேம் கன்சோலுக்கு யாரும் பூ கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவள் கேட்டது கன்சோலுக்கு மட்டும் இல்லை.

"வெள்ள வந்தா புதுசு வாங்குங்க, நானும் முழுசாப் படுத்துக்கறேன். செவப்பு வந்தா புதுசு, மெசினு ரெண்டையும் உட்டுருங்க. அதுக்கப்பறம் என்னையக் கட்டாயப்படுத்தக் கூடாதுங்க."

பூ

சனிக்கிழமை காலையில் எங்கள் தெரு மாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். கோகிலாவை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டுப் பூ வாங்க நான் மட்டும் வெளியே வந்தேன். பூக்கார அக்கா இரண்டு வாழையிலைத் துண்டு கொடுத்தார். ஒன்றில் வெள்ளை அரளியை வைத்துச் சுற்றி நூல் கட்டினேன். செவ்வரளியைக் கையில் எடுத்தேன். எடுத்தேனே தவிர இலையில் வைக்கக் கை வரவில்லை. எனக்குச் சாமி பயம் நிறைய உண்டு. ஆனால் அந்த நேரத்தில் சாமியைவிடச் சிவப்புக்குத்தான் பயந்தேன். செவ்வரளியைக் கூடையிலேயே போட்டுவிட்டு, இரண்டாவது பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். பூக்கார அக்கா பார்த்தார்.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். திருநீறு வாங்க வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். எது வரும் என்று தெரிந்தும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. குழந்தை ஒன்றைத் தொட்டு, கையை இழுத்து, மறுபடி இன்னொன்றைத் தொட்டு எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை. "உத்தரவாயிருச்சுங்க" என்றார். நான் பெருமூச்சு விட்டேன். கொஞ்சம் சத்தமாகவே விட்டுவிட்டேன் போல. கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த இன்னொண்ணையும் குடுங்க சாமி" என்றாள். அதைப் பிரிக்கிற வழக்கமில்லை என்றார் பூசாரி. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ஊசிக் காயங்கள் உள்ள கை. பூசாரி தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இலையைப் பிரித்தாள். பார்த்தாள். பூசாரி எட்டிப் பார்ப்பதற்குள் இலையை மூடி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். கோயில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க வேலைக்குப் போங்க. பொழுதோட கடைக்கு நானே வாரேனுங்க. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க."

கடைசி வாடிக்கையாளர்

அன்று பகல் முழுக்க நான் என்ன விற்றேன், யாரிடம் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஒருவருக்கு ஹெட்போனுக்குப் பதிலாகச் சார்ஜர் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் திருப்பூர்க்காரர் முதலில் வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசல் கண்ணாடிக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் கோகிலா வந்தாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கையில் பழைய கன்சோல் இருந்த பை. ரம்யா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். கோகிலா உட்காரவில்லை. நேராக என் கவுன்ட்டருக்கு வந்து, முன்பின் தெரியாத கடைக்காரனிடம் பேசுவது போல, "ஏனுங்க, அந்தப் புதுசக் காட்டுங்க" என்றாள்.

துணியை விலக்கி எடுத்துக் கொடுத்தேன். வலது கைப்பிடியைக் கழற்றி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். கனம் பார்த்தாள். தோட்டம் முழுசாக வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். வெண்டைக்காய் பறிக்கிற பருவத்தில் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றாள். திருப்பூர்க்காரர் எழுந்து நின்று, ஏம்மா, நீங்க எடுக்கறீங்களா, இல்லீங்களா என்றார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல், எத்தனை வருஷம் வாரண்டி என்று என்னைக் கேட்டாள். சும்மா தருவது ஒரு வருஷம், கூடக் கட்டினால் மூன்று வருஷம் என்றேன். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாடிப்போன அந்த இலைப் பொட்டலத்தை எடுத்து, முதலாளி, ரம்யா, திருப்பூர்க்காரர் எல்லோரும் பார்க்க என் பில் புக் மேல் வைத்தாள்.

"அம்மனையே ஏமாத்தற அளவுக்குப் பயந்து போயிட்டீங்க, அப்பறம் நான் வேற எந்த உத்தரவக் கேக்கறதுங்க? மூணு வருசத்துக்கே போடுங்க."

கூடுதல் வாரண்டி என்பது கடைக்காரன் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற சமாச்சாரம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாடிக்கையாளர் அதை என் தலையில் கட்ட, நான் பில் எழுத முடியாமல் அழுது ரம்யா எழுத வேண்டிவந்தது அந்த ஒரு தடவைதான்.